வரி விசாரணைக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது எப்படி?

வணக்கம். சுயதொழில் ஒப்பந்ததாரரான நான் வரிக்கணக்கை ஆண்டுதோறும் தவறாமல் தாக்கல் செய்கிறேன். விசாரணை வரும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும், வந்துவிட்டால் ஒவ்வொரு செலவுக்கும் ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு என்னுடையது என்பதால் இப்போதே ஆயத்தமாக விரும்புகிறேன். ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், வங்கி அறிக்கைகள் ஆண்டுவாரியாக என்னிடம் உள்ளன. என்னை உண்மையில் கவலைப்படுத்துவது, வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவாகப் பயன்படும் கைப்பேசி, இணையம், வாகனம் ஆகியவற்றின் செலவுதான். தொழிலுக்குரிய பங்கை நான் பிரித்த விதம் நியாயமானது என்பதை நிறுவ, வாகனப் பயணக் குறிப்பேடு போல வேறு எவற்றை அன்றாடம் எழுதிவைக்க வேண்டும்? சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும் ரசீதுகளைப் படமெடுத்து வைத்தால் போதுமா, அல்லது மூலத்தையும் பாதுகாக்க வேண்டுமா? விசாரணையின்போது ஆடிட்டர் கட்டணத்தை ஏற்கும் காப்பீடு எடுத்தவர்கள், அது பயன்பட்டதா என்று கூறினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.