ஸ்லைடு ஸ்விட்சை ஆஃப் செய்தால் செல் கொதிக்கிறது, ஏன்?

செம்பூர்_அம்மா:
மகன் ஏழாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குக் குட்டி மின்விசிறி செய்கிறோம். மும்பை லேமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய பொம்மை மோட்டார், இரண்டு ஏஏ செல், மூன்று கால் ஸ்லைடு ஸ்விட்ச். வலப்பக்கம் தள்ளினால் விசிறி ஜோராகச் சுற்றுகிறது. இடப்பக்கம் தள்ளினால் நிற்கிறது. சரி என்று நிறுத்திவிட்டு, சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் செல்லில் கை வைக்க முடியவில்லை! ஓடும்போது சூடே இல்லை. நாளை மறுநாள் கண்காட்சி.

பேட்டரி_ராஜா:
செல் போலியாக இருக்கும். மாற்றிப் பாருங்கள்.

செம்பூர்_அம்மா:
மாற்றிவிட்டேன் சார், அதே கதைதான்.

ஈயப்புகை:
அக்கா, முதலில் செல்லைக் கழற்றி வையுங்கள். எந்தக் காலில் எந்த ஒயர்?

செம்பூர்_அம்மா:
நடுக்காலில் செல்லின் சிவப்பு. வலக்காலில் மோட்டாரின் ஒரு ஒயர். இடக்கால் சும்மா இருந்ததால் செல்லின் கறுப்பையும் மோட்டாரின் இன்னொரு ஒயரையும் அங்கே சேர்த்துப் பற்றவைத்தேன்.

ஈயப்புகை:
அந்தச் சும்மா இருந்த கால்தான் வில்லன். உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, நாம் தள்ளும் குமிழோடு சேர்ந்து நகரும். வலப்பக்கம் தள்ளினால் நடுக்காலையும் வலக்காலையும் இணைக்கும், இடப்பக்கம் தள்ளினால் நடுக்காலையும் இடக்காலையும். 'ஆஃப்' என்று அதற்குத் தனியாக ஒன்றும் தெரியாது. நீங்கள் நிறுத்தும்போதெல்லாம் சிவப்பும் கறுப்பும் நேராக முட்டிக்கொள்கின்றன, சுத்தமான ஷார்ட். ஏஏ செல் என்பதால் சூட்டோடு போயிற்று, லித்தியம் செல் என்றால் தீயே பிடித்திருக்கலாம்.

இடக்காலில் உள்ள இரண்டு ஒயரையும் எடுத்து, தனியாக முறுக்கிப் பற்றவைத்து டேப் சுற்றுங்கள். அந்தக் கால் காலியாகவே இருக்கட்டும். ஸ்விட்சையும் புதிதாகப் போடுங்கள். இந்தக் குட்டி ரகம் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தாங்கும், ஷார்ட்டில் அதைவிடப் பல மடங்கு ஓடியிருக்கும். பற்றவைக்கும்போது ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகினால் கால் சாய்ந்து, குமிழ் சிக்கிக்கொள்ளும்.

பழைய_ரேடியோ:
குச்சி போல நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் ஸ்விட்ச் இதற்கு நேர் எதிர். நெம்பை மேலே தள்ளினால் கீழ்க்கால் இணையும். அந்தப் பழக்கத்தில் நானே இரண்டு தடவை மாற்றிப் போட்டிருக்கிறேன். எந்தக் கால் எதோடு இணைகிறது என்று மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது, இணைந்திருந்தால் சத்தம் போடும்.

செம்பூர்_அம்மா:
மாற்றியாச்சு! அரை மணி நேரமாக ஆஃபில் கிடக்கிறது, செல் சில்லென்று இருக்கிறது. இப்போது விசிறி பின்பக்கமும் சுற்ற வேண்டுமாம் இவனுக்கு.

ஈயப்புகை:
அதற்கு ஆறு கால் ஸ்விட்ச். நடு இரண்டு கால்களில் செல், ஒரு முனையின் இரண்டு கால்களில் மோட்டார். அங்கிருந்து மறுமுனைக்கு இரண்டு ஒயர்கள், குறுக்காக மாற்றி. நடுவிலும் நிற்கும் மூன்று நிலை ரகமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் விசிறியை நிறுத்தவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும்.