மெயில் படித்தால் காசு: தொடரலாமா, விடலாமா? அவசரம்

மிளகுக்கொடி:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மெயில் படித்துச் சம்பாதிக்கும் ஒரு தளத்தில் இருக்கிறேன். கணக்கில் 7.70 டாலர் சேர்ந்திருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. தொடர்ந்தால் லாபம் உண்டா? இன்று இரவுக்குள் முடிவெடுக்க வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்கடை_ஐந்துரோடு:
எந்த ஊரில் இருக்கிறீர்கள்? போனா, கம்ப்யூட்டரா? வீட்டில் வேறு யாரும் அதே தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் ஐபி முகவரிப் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பிரச்சினையாகத்தான் இருக்கும். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதான் என்று விதி வைத்திருக்கும் தளங்கள் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு கணக்கு என்று நினைத்துப் பணத்தை நிறுத்திவிடும்.

கணக்கு_வாத்தியார்:
இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது. கேள்வி கேட்கும்போது விவரம் கொடுக்க வேண்டும். ஒரு மெயிலுக்கு எவ்வளவு? எடுப்பதற்குக் குறைந்தபட்சத் தொகை என்ன? நாளுக்கு எத்தனை மெயில்? இதைச் சொல்லாமல் லாபமா என்று கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? அடுத்தவர் நேரத்தையும் மதிக்கப் பழகுங்கள்.

பழைய_நெட்கஃபே:
வாத்தியார் சார், புதிதாக வந்தவர், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம். தங்கச்சி, இந்த வகைத் தளம் எல்லாமே ஏமாற்று என்று பயப்படாதீர்கள். விளம்பரம் பார்த்தால் காசு என்பது பழைய தொழில். ஆல்அட்வான்டேஜ் என்ற அமெரிக்க நிறுவனம் 1999-இல் தொடங்கியபோது, திரையில் விளம்பரப் பட்டை ஓடினால் மணிக்கு 50 சென்ட் கொடுத்தது. சேலம் ஹஸ்தம்பட்டியில் நான் நெட் சென்டர் நடத்தியபோது அதைப் பற்றி விசாரிக்காத பையன்களே கிடையாது. நீங்கள் படித்துச் சேர்ப்பது சில்லறைதான். ஆள் சேர்த்துவிட்டால், அவர்கள் படிப்பதில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். வருமானம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கு_வாத்தியார்:
அந்த நிறுவனம் 2001-இல் மூடப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காசுக்காக மட்டும் விளம்பரம் பார்ப்பவர் பொருள் வாங்குவதில்லை. வாங்காதவருக்காக விளம்பரதாரர் எத்தனை நாள் பணம் கொடுப்பார்? வரவு நின்றதும் தளம் படுத்துவிடும், பெரிய தொகை சேரும் என்று காத்திருந்தவர் நட்டத்தோடு போவார். அப்புறம், ஆள் சேர்த்துச் சம்பாதிக்கும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் தடுக்கிறது.

பழைய_நெட்கஃபே:
சேருகிறவர் காசு கட்டி, அந்தக் காசு மேலே போனால்தான் அந்தச் சட்டத்தின் பேச்சு வரும். இங்கே யாரும் ஒரு ரூபாய் கட்டுவதில்லையே? இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் சார்.

கணக்கு_வாத்தியார்:
கட்டுவதில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் இன்னும் எதுவுமே சொல்லவில்லை.

மிளகுக்கொடி:
மன்னிக்கவும், பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வந்தேன். ஊர் ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். போனில்தான் படிக்கிறேன். ஒரு மெயிலுக்குக் கால் சென்ட், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வரும். லிங்கைத் திறந்து 30 நொடி காத்திருக்க வேண்டும், சிக்னல் போனால் முதலிலிருந்து. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகிவிடும். சேர்ந்தவுடன் 5 டாலர் போனஸ் கொடுத்தார்கள். 25 டாலர் ஆனால்தான் பேபாலில் (இணையவழிப் பணச் சேவை) எடுக்கலாம். இன்று இரவுக்குள் 1,499 ரூபாய் கட்டி கோல்டு மெம்பர் ஆனால் 10 டாலரிலேயே எடுக்கலாம், ஒரு மெயிலுக்கு இரட்டிப்பும் தருவார்களாம். யுபிஐயில் அனுப்ப ஒருவர் பெயரில் நம்பர் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயரிலும் அதே தளத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

செல்கடை_ஐந்துரோடு:
பார்த்தீர்களா, இரண்டு கணக்கு! ஒரே போனில் இரண்டு கணக்கு இருந்தால் கடைசியில் எடுக்கும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

கொலுசுப்பட்டறை_பனங்காடு:
அக்கா, ஐபி கிடக்கட்டும். முதலில் அந்த 1,499-ஐ அனுப்பாதீர்கள். 10 டாலரை எடுத்தாலும், ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 900 ரூபாய்தான் வரும். அதிலும் பேபாலுக்கும் டாலரை ரூபாயாக மாற்றுவதற்கும் ஒரு பங்கு போகும். தொள்ளாயிரத்துக்கு யாராவது ஆயிரத்து ஐந்நூறு கொடுப்பார்களா? வெளிநாட்டுத் தளம் என்றால் கட்டணம் எதற்கு ஒரு தனி ஆளின் யுபிஐக்குப் போக வேண்டும்? இன்று இரவுக்குள் என்று அவசரப்படுத்துவது எதற்கு? இரட்டிப்பே ஆனாலும் நாளுக்கு ஆறு சென்ட், ஐந்தரை ரூபாய்கூட இல்லை. கட்டிய பணம் திரும்பவே ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும்.

கணக்கு_வாத்தியார்:
இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். விவரம் வந்துவிட்டதால் மீதிக் கணக்கையும் சொல்கிறேன். போனஸைக் கழித்தால் உங்கள் உழைப்பு 2.70 டாலர், சுமார் 243 ரூபாய். 90 நாள், தினம் அரை மணி என்றால் 45 மணி நேரம். மணிக்கு ஐந்தரை ரூபாய்கூட வரவில்லை. 25 டாலரை எட்ட இன்னும் 17.30 டாலர் வேண்டும். நாளுக்கு மூன்று சென்ட் என்றால் 577 நாள். அதுவரை தளம் இருக்குமா என்பது தனிக் கேள்வி.

பழைய_நெட்கஃபே:
காசு கட்டச் சொன்னால் நானும் வாத்தியார் பக்கம்தான். சேர்வதற்கோ எடுப்பதற்கோ பணம் கேட்டால் அந்த இடத்திலேயே விலகிவிட வேண்டும். தங்கச்சி, மெயிலுக்கும் அந்தத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டா? அப்படியென்றால் இன்றே மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பேன் எண், வங்கி விவரம் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கொலுசுப்பட்டறை_பனங்காடு:
அந்த அரை மணி நேரத்தில் கைவேலை பாருங்கள் அக்கா. எங்கள் பக்கம் பெண்கள் கொலுசுக்குச் சலங்கை கோர்ப்பதை வீட்டில் உட்கார்ந்தே செய்கிறார்கள்.

செல்கடை_ஐந்துரோடு:
நாகலூரிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் யார் வருவது? தொலைந்தால் யார் பொறுப்பு?

கொலுசுப்பட்டறை_பனங்காடு:
எடை போட்டுக் கொடுப்போம், எடை போட்டு வாங்குவோம். வாரம் ஒரு தடவை வந்தால் போதும். ஏற்காட்டுக்காரர் யாருமே இதைச் செய்வதில்லை என்று சொல்லாதீர்கள்.

கணக்கு_வாத்தியார்:
இழை திசை மாறுகிறது. கேட்டவர் பணம் கட்டினாரா இல்லையா என்று சொன்னால் நல்லது.

மிளகுக்கொடி:
கட்டவில்லை. அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். பாஸ்வேர்டு ஒன்றுதான் வைத்திருந்தேன், மாற்றியாகிவிட்டது. பேன் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் கணக்கையும் அழித்துவிட்டேன். காபிப் பழம் எடுக்கும் சீசனில் எஸ்டேட்டுக்கு எப்படியும் போவேன், மற்ற மாதங்களுக்குத்தான் ஏதாவது தேடினேன். நன்றி.

கொலுசுப்பட்டறை_பனங்காடு:
அக்கா, சலங்கை வேலை பற்றி விசாரித்துச் சொல்லட்டுமா?

பழைய_நெட்கஃபே:
இரண்டு நாளாகப் பதில் இல்லை. சிக்னல் இல்லையோ என்னவோ. நீங்கள் விசாரித்து இங்கேயே போட்டு வையுங்கள் தம்பி, வந்தால் பார்ப்பார்.