ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டருக்கே மூச்சு வாங்குது. இதயத்துக்குப் பலன் கிடைக்கிற மாதிரி எப்படி நீந்துறது?

கரையோரம்:

வயசு 42. தினமும் 45 நிமிஷம் வேகமா நடக்கிறதில் இளைப்பே கிடையாது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் ஓட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால இதயத்திறனைக் கூட்ட நீச்சல். குளம் 25 மீட்டர். ஃப்ரீஸ்டைலில் (குப்புறக் கிடந்து கையை மாத்தி மாத்தி வீசுறது) போய்த் திரும்பி வர்றதுக்குள்ள நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆயிடுது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (தவளை நீச்சல்) அரை மணி நேரம் நிக்காமப் போகலாம், ஆனா துடிப்பு 100ஐத் தாண்டுறதில்லை. ரெண்டு மாசமா இதே கதைதான்.

கைக்கடிகாரத்தில் ஒரு தடவை 85 காட்டுது, அடுத்த சுற்றில் 165 காட்டுது. எதை நம்புறது? வாரம் எத்தனை நாள், எவ்வளவு தூரம், இடையில் எவ்வளவு ஓய்வு? விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

துடுப்பு:

முக்கால் மணி நேரம் இளைக்காம நடக்கிறவருக்கு 50 மீட்டரில் நெஞ்சு வெடிக்குதுன்னா, முதலில் சந்தேகப்பட வேண்டியது இதயத்தை இல்லை, மூச்சு விடுற முறையை. பெரும்பாலானவங்க முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது தம் பிடிச்சுக்கிறாங்க. வாய் வெளியே வர்ற அந்த ஒரு நொடிக்குள்ள பழைய காற்றையும் விட்டு, புதுசையும் இழுக்கப் பார்க்கிறாங்க. அதுக்கு நேரம் போதாது. கரியமில வாயு உள்ளேயே தேங்கிடுது. அந்த "மூச்சு முட்டுது" உணர்வைத் தர்றது பெரும்பாலும் அந்தத் தேக்கம்தான், ஆக்சிஜன் குறைவு இல்லை. அதனால இன்னும் பெருசா மூச்சை இழுத்தாலும் சரியாகாது. விடணும்.

பழகுற விதம் இது: சுவரைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை முக்குங்க. "ம்ம்ம்"னு முனகிக்கிட்டே மூக்கு வழியா 3 நொடி சீரா விடுங்க. குமிழ் நிக்கவே கூடாது. வாய் மேலே வர்றதுக்குச் சற்று முன்னாடி மிச்சத்தை ஒரு ஊதலா வெளியே தள்ளுங்க. வெளியே வந்ததும் இழுக்கிறது மட்டும்தான் வேலை. இப்படி 20 தடவை செஞ்சுட்டு நீந்த ஆரம்பிங்க. தலையைத் தூக்காதீங்க, பக்கவாட்டில் உருட்டுங்க. நீச்சல் கண்ணாடியில் ஒரு பக்கம் தண்ணிக்குள்ளயும் இன்னொரு பக்கம் வெளியேயும் இருந்தா சரியான அளவு. ரெண்டு கை வீச்சுக்கு ஒரு மூச்சு எடுங்க. மூணுக்கு ஒண்ணு எடுத்தா உடம்பு ரெண்டு பக்கமும் சமமாப் பழகும்னு சொல்வாங்க. சரிதான், ஆனா அது பிறகு. இப்ப உங்களுக்குத் தேவை காற்று.

அடுத்தது கால். தலை ஒரு சாண் தூக்கினா இடுப்பு கீழே போகும், கால் தொங்கும். தொங்குற காலை மேலே வச்சிருக்க பலமா உதைக்கத் தோணும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கு. அதுங்க வேலை செய்ய ஆரம்பிச்சா ஆக்சிஜன் வாரி வாரிப் போகும், ஆனா முன்னேறுற தூரம் கொஞ்சம்தான்.

காரணம் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சோதனை: தொடை நடுவில் புல் பாய் (pull buoy, காலை மிதக்க வைக்கிற சின்ன மிதவை) வச்சுக் காலை உதைக்காம 50 மீட்டர் போய்ப் பாருங்க. சுலபமா முடிஞ்சா சிக்கல் காலிலும் உடம்பின் கிடையிலும்தான். அப்பவும் அதே மாதிரி மூச்சு முட்டினா, மேலே சொன்ன மூச்சுப் பழக்கத்தை இன்னும் நாள் எடுத்துச் செய்யணும்.

நாடி:

மேலே சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் உண்டு. நடைப் பயிற்சியால் இதயம் தேறியிருக்கும், ஆனால் தோள், முதுகுத் தசைகள் தேறியிருக்காது. தொடர்ந்து வேலை வாங்கும்போதுதான் ஒரு தசையில் நுண் இரத்தக் குழாய்கள் பெருகும், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வளரும். அந்த மாற்றம் வேலை செய்த தசையில்தான் நடக்கும். ஆகவே நடையில் வந்த திறன் அப்படியே நீச்சலுக்குக் கைமாறாது.

துடிப்பைப் பற்றி. தண்ணீரில் கிடைமட்டமாக இருக்கிறோம், நீரின் அழுத்தம் கால்களிலிருந்து இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. உடல் வெப்பமும் நீரில் வேகமாகக் கழிகிறது. இதனால் அதே உழைப்புக்குத் தரையில் இருப்பதைவிட துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 குறைவாகவே இருக்கும். தரைக்கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு தண்ணீரில் அதை எட்டப் பார்த்தால் அளவுக்கு மீறி உழைப்பீர்கள்.

அதிகபட்சத் துடிப்புக்கான கணக்கு: 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். 42 வயதுக்கு 179 வரும். நீச்சலுக்காக 10 கழித்தால் 169. மிதமான நீச்சலுக்கு இதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது 110 முதல் 127 வரை. கடினமான செட்டுக்கு (இடையிடையே ஓய்வெடுத்துத் திரும்பத் திரும்ப நீந்தும் சுற்றுகள்) 80 முதல் 88 சதவீதம், 135 முதல் 149 வரை. இது சராசரிக் கணக்கு. ஒருவருக்கு ஒருவர் 10 துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம். இரத்த அழுத்தத்துக்கு, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் உழைப்பைப் பேச்சால் அளக்கலாம். சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிந்தால் அது மிதம். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடினம்.

கைக்கடிகாரத்தைக் குளத்தில் நம்ப வேண்டாம். ஒளியை வைத்து அளக்கும் கருவி அது. கை வீசும்போது பட்டை அசைந்து தோலுக்கும் கருவிக்கும் இடையே தண்ணீர் புகும், எண் தாவும். நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டை அதைவிட நல்லது. ஆனால் அதன் புளூடூத் அலை நீருக்குள் போகாது. தனக்குள்ளேயே பதிவை வைத்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் விரல் போதும்: சுவரைத் தொட்ட உடனே கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் இரு விரலை லேசாக வைத்து, 10 நொடி எண்ணி 6ஆல் பெருக்குங்கள். 22 வந்தால் 132. நின்றவுடன் துடிப்பு மளமளவென்று இறங்கும் என்பதால் முழு நிமிடம் எண்ணினால் தவறான குறைந்த எண்தான் கிடைக்கும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி 10 நொடி எண்ணி எழுதி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி வாரா வாரம் விரிந்தால் இதயம் தேறுகிறது என்று பொருள். நான் தூரத்தைவிட இந்த எண்ணையே பெரிதாக மதிப்பேன்.

கரையோரம்:

புல் பாய் வச்சுப் பார்த்தேன். 50 மீட்டர் முடிச்சு நின்னப்ப பேச முடிஞ்சுது! அப்போ கால்தான். செட் எப்படிப் பிரிக்கிறது? பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை அப்படியே விட்டுடலாமா?

ஆழம்பார்:

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பத்தி முதலில். இதுவரைக்கும் யாரும் சொல்லலை, ஆனா உங்களுக்கு ரொம்ப முக்கியம். அந்த உதையில் பாதத்தை வெளியே திருப்பி, சாட்டை மாதிரி வட்டமடிச்சு உள்ளே கொண்டு வர்றோம். அந்த நேரத்தில் முழங்காலின் உள்பக்க நார் இழுபடுது. தேய்மானம் உள்ள காலில் அரை மணி நேரம் அதையே செய்யக் கூடாதுங்க. டாக்டரிடம் "நீச்சல்"னு மட்டும் சொல்லாம, எந்த வகைன்னும் சொல்லிக் கேளுங்க. ஓய்வுச் சுற்றுக்கு மல்லாந்து நீச்சல் போதும். மூச்சுக்கும் தடையில்லை.

உங்க துடிப்பு 100ஐத் தாண்டாததுக்குக் காரணமும் அந்த வகையில்தான் இருக்கு. ஒவ்வொரு உதைக்கும் பிறகு நீளமா வழுக்கிப் போறீங்க, அது ஓய்வு.

இப்ப செட். வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தண்ணிக்குள்ள 35 நிமிஷம். நடையை நிறுத்தாதீங்க. பெரியவங்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நீச்சல் மட்டும் 105 நிமிஷம்தான் ஆகுது, மிச்சத்தை நடை நிரப்பும்.

முதல் 2 வாரம்: உடம்பு சூடேற 100 மீட்டர் மெதுவா, பாதி மல்லாந்து. அப்புறம் 12 தடவை 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல், ஒவ்வொரு 25க்கும் நடுவில் 30 நொடி நில்லுங்க. கடிகாரம் இல்லைன்னா நிதானமா 8 மூச்சு. கடைசியில் 100 மீட்டர் மெதுவா. முதல் 25க்கு எடுத்த நொடியும் பன்னிரண்டாவதுக்கு எடுத்த நொடியும் 2க்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. வித்தியாசம் வந்தா முதலில் பாய்ஞ்சிருக்கீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான். தண்ணியில் எதிர்ப்பு வேகம் × வேகம்ங்கிற கணக்கில் கூடும், செலவாகிற சக்தி வேகம் × வேகம் × வேகம்ங்கிற கணக்கில். வேகத்தை 10 சதவீதம் குறைச்சா கணக்குப்படி 27 சதவீதம் சக்தி மிச்சம். இவ்வளவு லாபம் நடையில் கிடைக்காது.

3, 4வது வாரம் 16 தடவை 25, ஓய்வு 20 நொடி. 5, 6வது வாரம் 8 தடவை 50, ஓய்வு 30 நொடி. அதுக்கப்புறம் ஓய்வை 20, 15னு இறக்கி, 4 தடவை 100க்குப் போங்க. அடுத்த கட்டத்துக்குப் போகும்போதும் தூரம், ஓய்வு, வேகம் இந்த மூணில் ஒரு நாளைக்கு ஒண்ணை மட்டும் மாத்தி, அது பழகினதும் அடுத்ததை மாத்தணும். ரெண்டை ஒண்ணாத் தொட்டா எது தாங்கலைன்னே தெரியாது. ஒரு வாரம் முடியலைன்னா அதே வாரத்தைத் திருப்பிச் செய்யுங்க, அதில் நஷ்டமே இல்லை.

6வது வாரத்துக்கு மேல் வாரத்தில் ஒரே ஒரு நாள் 8 தடவை 25 மீட்டர் நல்ல வேகத்தில், 45 நொடி ஓய்வோட. அன்னைக்குத் துடிப்பு 135க்கு மேல் போகணும்.

நிக்காம 400 மீட்டர் வர ஆரம்பிச்சதும் ஒரு நாள் 400ஐயும், நல்லா ஓய்வெடுத்துட்டு 200ஐயும் முடிஞ்ச அளவு வேகமா நீந்தி நேரம் குறிங்க. பெரிய நேரத்திலிருந்து சின்னதைக் கழிச்சு ரெண்டால் வகுத்தா 100 மீட்டருக்கான உங்க வேகம். 400க்கு 10 நிமிஷம் 40 நொடி, 200க்கு 5 நிமிஷம்னா மிச்சம் 5:40, பாதி 2:50. அந்த வேகத்தில் 6 தடவை 100, நடுவில் 20 நொடி ஓய்வு. இதயத்தை வளர்க்க இதைவிட நல்ல செட் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

துடுப்பு:

உதையைப் பத்தி ஒரு திருத்தம். புல் பாயை நிரந்தர ஊன்றுகோலா ஆக்கிடாதீங்க. 12 தடவையில் 4 மட்டும் அதோட போங்க. மிச்சத்தில் கண்ணைக் குளத்தின் அடியில் வச்சு, நெஞ்சை லேசா அழுத்துங்க, இடுப்பு தானே மேலே வரும். உதை இடுப்பிலிருந்து வரணும், ஒரு சாண் அகலம் போதும், கணுக்கால் துணி மாதிரி தளர்ந்திருக்கணும். பாதத்தை விறைப்பா நீட்டினா கெண்டைக்கால் பிடிச்சுக்கும். பிடிச்சா சுவரில் பாதத்தை ஊன்றி, குதிகாலை அழுத்தி 20 நொடி நீட்டுங்க.

கையில் மாட்டுற பேடில் (paddle, தண்ணியை அதிகமாத் தள்ள உதவுற தட்டு) இப்ப வேண்டாம். கை தலைக்கு நேரே நடுக்கோட்டைத் தாண்டி இறங்கினாலே தோளுக்குக் கேடு, பேடில் அந்தச் சுமையை இன்னும் கூட்டும்.

நாடி:

பாதுகாப்பு குறித்துச் சில. நுரையீரல் பலம் பெறும் என்று நினைத்து தண்ணீருக்குள் தம் கட்டிக்கொண்டு நீளம் கடப்பதைப் பலர் செய்கிறார்கள். அதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துவிடும். மேலே வர வேண்டும் என்ற உந்துதல் எழுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள்.

கடின செட் முடிந்ததும் சட்டென்று ஏணியேறி வெளியே வராதீர்கள். நீரின் அழுத்தம் விலகியதும் இரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். 100 மீட்டர் மெதுவாகப் போய், இரண்டு நிமிடம் சுவரோரம் நின்று, பிறகு ஏறுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, படபடப்போடு தலைசுற்றல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்தி வெளியே வந்து, தாமதிக்காமல் மருத்துவ உதவி தேட வேண்டும்.

நீரில் இருக்கும்போது சிறுநீர் அதிகம் சுரக்கும், வியர்ப்பதும் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் குளத்தருகே ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு செட்டுகளுக்கு நடுவே இரண்டு மடக்கு குடியுங்கள்.

கரையோரம்:

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதை முழங்காலுக்கு ஆகாதுன்னு தெரியாமலே இருந்துட்டேன். மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நாளையிலிருந்து 12 தடவை 25, நடுவில் 30 நொடி. சுவரைத் தொட்டதும் ஒரு எண், ஒரு நிமிஷம் கழிச்சு இன்னொரு எண் எழுதி வச்சு, நாலு வாரம் கழிச்சு இங்கேயே போடுறேன்.