ஷூகேஸுக்குத் தமிழ்: குனியிசையா, அழுங்கலிசையா?

அன்பர்களுக்கு வணக்கம். மை ப்ளடி வேலண்டைன் குழுவின் 1991 ஆல்பமான 'லவ்லெஸ்' பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஷூகேஸ் (shoegaze, காலணியை உற்றுப் பார்ப்பது) என்ற ராக் வகையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? மேடையில் கிதார் ஒலியை மாற்றும் காலடிப் பெடல்களையே பார்த்தபடி வாசித்தவர்களுக்கு பிரிட்டன் இசைப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர் அது. 'காலணிநோக்கிசை' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. கிதார் இரைச்சல் விடாமல் பொங்கும், பாடுகிற குரல் அதற்குள் பாதி அமுங்கிக் கிடக்கும். சத்தத்தை நன்றாகக் கூட்டினால்தான் உள்ளே இருக்கும் மெட்டு பிடிபடுகிறது. காலணியை விட, கேட்பவர் காதில் நடப்பதைச் சொல்லும் பெயர் கிடைத்தால் நல்லது.

---

'இரைச்சலிசை' போதுமே. எல்லோருக்கும் புரியும்.

---

போதாது. நாய்ஸ் என்று தனி வகையே இருக்கிறது, இரைச்சலிசை அதற்குத்தான் பொருந்தும். என் பரிந்துரை 'அழுங்கலிசை'. "கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள" என்கிறது தொல்காப்பிய உரியியல். உடனே "அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்" என்றும் சேர்க்கிறது. பேரோசையும் துயரமும் ஒரே சொல்லில்! சும்மையையும் கவனியுங்கள். ஆரவாரத்தைக் குறித்த அந்தச் சொல்லுக்கும் நம் 'சும்மா இரு'வுக்கும் உறவு உண்டா என்று பல காலமாக யோசிக்கிறேன்.

---

சும்மாவுக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, இங்கே வேண்டாம். அழுங்கல் அருமையான சொல். ஆனால் இன்றைய வாசகர் அதை 'அழுகல்' என்றுதான் படிப்பார். 'குனியிசை' எப்படி? குனிதல் தலை தாழ்தல், குனித்தல் வளைத்தல். "குனித்த புருவமும்" என்று அப்பர் பாடவில்லையா? இந்த ஆல்பத்தில் குழுவின் கிதார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ், கிதாரில் சுருதியை அசைக்கும் கம்பியான ட்ரெமொலோ ஆர்மைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டுகிறார். தந்தியின் இறுக்கம் கூடிக் குறைவதால் சுருதி மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போகிறது. ஆக, குனிந்த தலை, வளைந்த சுருதி இரண்டுக்கும் ஒரே வேர். இகரத்தின் பின் யகர உடம்படுமெய், புணர்ச்சியும் சரி.

---

புணர்ச்சி சரி, பொருள்? வினைத்தொகையாக விரித்தால் குனிவது இசையா, இசைப்பவரா? ஜாஸையும் ராக்கையும் அப்படியே எழுதும் நாம் இதை மட்டும் ஏன் பெயர்க்க வேண்டும்? ஷூகேஸ் என்று தேடினால்தான் பாட்டு கிடைக்கும்.

---

சூட்கேஸ் படித்துப் பழகிய கண்ணுக்கு ஷூகேஸ் காலணிப் பெட்டியாகத்தான் தெரியும். ஒலிபெயர்ப்பு மட்டும் எப்படிப் போதும்? ஊறுகாயில் ஊறுவது காய், சுடுசோறில் சுடுவது சோறு. குனியிசையில் குனிவது சுருதி என்று கொண்டால் உங்கள் வினைத்தொகைக் கேள்வியும் தீர்ந்தது. என் வாக்கு குனியிசைக்கு.

---

எனக்கும் அதுவே. விவாதம் நீண்டுவிட்டது, அவருக்கு வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

---

சரி, முதல் இடத்தில் 'ஷூகேஸ் எனப்படும் குனியிசை', அப்புறம் குனியிசை மட்டும். எல்லோருக்கும் நன்றி. ஃபீட்பேக் என்று வருமிடத்தில் பின்னூட்டம் போடலாமா? வலைப்பதிவில் கருத்து எழுதுவதற்கு அச்சொல் போய்விட்டதே.

---

பெரும்பான்மை குனியிசை என்றால் அப்படியே அச்சேறட்டும். நான் அழுங்கலை விடுவதாக இல்லை. இரக்கத்தைச் சொல்லாத பெயர் இந்த இசைக்குக் குறைதான். பின்னூட்டம் வேண்டாம். பெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடி கிதாருக்குள் புகுந்து ஊளையிடுவதற்கு 'மீளொலி' என்று போடுங்கள். எதிரொலியோடு குழம்பும் என்று யாராவது சொல்வதற்குள் விளக்கம் எழுதி அனுப்புகிறேன்.