கோடியக்கரைக்கு பொண்ணையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், மான் பூநாரை ரெண்டும் பாக்க முடியுமா?

தஞ்சாவூர்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி மொத வாரம் ரெண்டு நாள் லீவு கெடச்சிருக்கு, கோடியக்கரை போலாம்னு இருக்கோம். மகளுக்கு ஒம்போது வயசு, பறவைன்னா உசுரு, மொட்டமாடிக்கு வர்ற மைனா தவிட்டுக்குருவி எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுக்குவா. அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க மாட்டாங்க, ஆனா கோடிக்கரை கடல்ல ஒரு முங்கு போடணும்னு பல வருஷமா கேட்டுட்டே இருக்காங்க. நான் காலேஜ் படிக்கறப்ப பைக்ல போயி மத்தியானம் ஒரு மணிக்கு எறங்கினேன், நாலு குரங்கையும் ஒரு குதிரையையும் பாத்துட்டு திரும்பிட்டோம். இந்த தடவ பொண்ணு ஏமாந்துறக் கூடாது. எங்க தங்கறது, எத்தன மணிக்கு கெளம்பறது, கார் உள்ள போகுமா, போனவங்க சொல்லுங்க.

வேதாரண்யத்தான்

தம்பி, மத்தியானம் வந்தா யாருக்குமே மான் தெரியாது, வெயில் ஏறுனதும் அதுங்க நெழலுக்கு ஒதுங்கிரும். முந்தின நாளே வேதாரண்யம் வந்து தங்கிருங்க, அங்கேர்ந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான், வெடியக்காலம் கெளம்புனா பனி விலகறப்ப வனத்துறை செக்போஸ்ட் வந்துரலாம். டிக்கெட் எடுத்துட்டு கார்லயே போலாம், பாட்டு மட்டும் போடாதீங்க.

நீங்க பாக்கப் போறது வெளிமான். 1967ல இத சரணாலயம் ஆக்குனதே அதுக்காகத்தான். வளந்த கெடா மட்டும்தான் கருப்பா, முறுக்குன கொம்போட இருக்கும், பொட்டையும் குட்டியும் வெளுத்த பழுப்பு, அதனால சும்மா ஏதோ மான்னு தாண்டிப் போயிராதீங்க. புள்ளிமானும் இருக்கு, அது மரத்தோரமா நிக்கும், வெளிமான் பேருக்கு ஏத்த மாதிரி வெட்டவெளி புல்லுத்தரையிலதான். எறங்கித் தொரத்தாம வண்டிய ஓரம் கட்டி கால் மணி நேரம் பேசாம இருந்தீங்கன்னா அதுங்களே மேஞ்சுகிட்டு கிட்ட வரும், பொண்ணுக்கு இத முன்னாடியே சொல்லி வைங்க.

மனசு அடிச்சுக்கறது எதுக்குன்னா அந்த புல்லுத்தரை சுருங்கிட்டே போவுது. சீமக்கருவ ஏறிகிட்டே இருக்கு, வெட்ட வெட்ட தளுக்குது, பத்தாததுக்கு யாரோ எப்பவோ விட்டுட்டுப் போன மட்டக்குதிரைங்க பெருகிப்போயி மானு மேயுற அதே புல்லத்தான் மேயுது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க தென்னையும் மாவும் போன மாதிரியே உள்ள பெரிய பெரிய பாலை மரமெல்லாம் சாஞ்சுது, அப்பறம் ஒரு வாட்டி உள்ள போனப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்ப தழைஞ்சு வருது. அம்மாவ ராமர் பாதம்னு சொல்ற மேட்டுக் கோயிலுக்கு கூட்டிப் போங்க, கோடியக்கரையிலயே ஒசந்த எடம் அதுதான், அதுவே கடல் மட்டத்துலேர்ந்து நாலு மீட்டர்தான், முட்டிக்கு தொந்தரவு இருக்காது.

ஆலா

பூநாரை பத்தி நான் சொல்றேன். மான் பாக்கற காடு வேற, பூநாரை நிக்கற எடம் வேற, நெறைய பேரு காட்ட சுத்திட்டு "ஒண்ணுமே இல்ல"ன்னு திரும்பிடறாங்க. காட்டுக்கு மேக்கால வேதாரண்யம் சதுப்பு, உப்பளம், அப்படியே முத்துப்பேட்ட அலையாத்திக் காடு வரைக்கும் ஒரே தொடர்ச்சி, 2002ல ராம்சார்ங்கற உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேத்தப்ப மொத்தம் 38,500 ஹெக்டேர், தமிழ்நாட்டுல மொத ராம்சார் எடமே இதுதான். அந்த சதுப்புலயும் உப்பளத்துலயும் தேடணும்.

ஆனா தண்ணி மட்டம் எப்படி இருக்குங்கறதுலதான் எல்லாம் இருக்கு. பூநாரை தலைய தலகீழா கவுத்து சேத்துத் தண்ணிய அலகால சலிச்சு திங்கற பறவை, டிசம்பர் மழை ஜாஸ்தியா கொட்டி தண்ணி ஆழமாயிடுச்சுன்னா வேற எடம் பாத்துப் போயிடும், வடிய ஆரம்பிச்சா திரும்ப வரும். அதனால கெளம்பறதுக்கு முன்னாடி வனத்துறை ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. நிக்கறப்ப வெள்ளையாத்தான் தெரியும், றெக்கைய விரிச்சாத்தான் அந்த செவப்பு. சாம்பல் நெறத்துல நின்னா இளசு, பாப்பாவுக்கு சொல்லுங்க, நோட்டுல தனியா எழுதிக்கட்டும். கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சமூக்கு நாரை, கூட்டம் கூட்டமா உள்ளான்னு சொல்ற சின்னக் கரைப்பறவைங்க, கடலோரம் ஆலாப் பறவை இதெல்லாம் கிடைக்கும், பைனாகுலர் கட்டாயம். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி காலத்துலேர்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க இங்க பறவை புடிச்சு வளையம் போட்டு விடறாங்க, கால்ல வளையம் தெரிஞ்சா அதையும் எழுதச் சொல்லுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். பறக்கற போட்டோ வேணும்னு சேத்துல எறங்கி கை தட்டி கெளப்பி விடறாங்க பாருங்க, அத யாரு செஞ்சாலும் தடுங்க. உள்ளான் கை நீளம் கூட இருக்காது, சைபீரியா பக்கமிருந்து பறந்து வருது, திரும்பிப் போறதுக்கு இங்க தின்னுதான் கொழுப்பு சேக்கணும், ஒவ்வொரு தடவ கெளப்பறப்பவும் அந்த சேமிப்பத்தான் நாம பிடுங்கறோம். நான் இதுக்காக மொகம் தெரியாத ஆளுங்களோட சண்டையே போட்டிருக்கேன்.

நாகை_டீச்சர்

அம்மா முங்கு போடறதுக்கு ஜனவரி மொத வாரம் நல்ல நேரம், ஏன்னா தை அமாவாச, ஆடி அமாவாசைக்கு கூட்டம் தாங்காது, மத்த நாள்ல கடற்கரை அவ்ளோ அமைதி. வடக்கேர்ந்து நேரா வர்ற கரை இங்கதான் மேக்க திரும்புது, கெழக்க வங்காள விரிகுடா, தெக்க பாக் நீரிணை, அந்த மூலையில நின்னா காத்து ரெண்டு பக்கமும் அடிக்கும். ஊர்க்காரங்க குளிக்கற எடத்துல மட்டும் எறங்குங்க, அம்மா கைய விடாதீங்க. பழைய சோழர் கால கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில போயிடுச்சு, செங்கல் மிச்சம்தான் இருக்கு, அதையும் காட்டுங்க.

இன்னொண்ணு, பங்குனி ஆமைன்னு சொல்ற கடலாமை முட்ட போட கரையேற ஆரம்பிக்கற சமயம் அது. விடியறப்ப போனா மணல்ல டிராக்டர் போன மாதிரி தடம் தெரியலாம், அது மேல நடக்காதீங்க. ராத்திரி டார்ச் அடிச்சுட்டு கடற்கரையில சுத்தவும் வேணாம். தண்ணி சாப்பாடு கையோட கொண்டு வந்துருங்க, குரங்குக்கு பிஸ்கட் போடாதீங்க, பழகிப்போயி அடுத்து வர்றவங்க பையப் பிடுங்குது, கவரையெல்லாம் வண்டியிலயே திருப்பி எடுத்துட்டுப் போங்க.

தஞ்சாவூர்_அப்பா

ரொம்ப நன்றி, அப்படியே எழுதி வச்சுகிட்டேன். ரெண்டாவது நாள் மத்தியானம் சும்மாதான் இருக்கும், பக்கத்துல வேற என்ன பாக்கலாம்? அம்மா ரயில்ல போலாமான்னும் கேக்கறாங்க.

வேதாரண்யத்தான்

திருத்துறைப்பூண்டியிலேர்ந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023லேர்ந்து திரும்ப ரயில் ஓடுது, ஆனா நீங்க வெடியக்காலம் காட்டுல நிக்கணும்னா கார்தான் சரி. அகஸ்தியம்பள்ளியில உப்பு சத்தியாகிரக ஸ்தூபி இருக்கு, 1930 ஏப்ரல் 30 ராஜாஜி உப்பு அள்ளுன எடம், சுத்தி இன்னமும் உப்பளம்தான், அங்கயே ரோட்டோரமா நின்னு பறவையும் பாக்கலாம்.

ஆலா

பாப்பாவோட நோட்டுல ஆறுமணிக் குருவிக்கும் (இங்கிலீஷ்ல இந்தியன் பிட்டா) ஒரு வரி விட்டு வைக்கச் சொல்லுங்க. அக்டோபர்ல வடக்கேர்ந்து வர்றது, சிலது தங்கிடும், காலையிலயும் சாயங்காலமும் புதருக்குள்ளேர்ந்து ரெண்டு விசில் வரும். ஆளு தெரியலன்னாலும் சத்தத்த கேட்டா எழுதிக்கலாம்.