300 ஆசிரியர்கள், ஒரே அரங்கம்: போனில் வாக்கெடுப்பு சரிப்பட்டு வருமா?

காட்பாடிக் கணக்கு கேட்டது:

வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள், சுமார் 300 பேர் இருக்கும். குத்துவிளக்கு, பொன்னாடை, நான்கு உரை, சாப்பாடு, சான்றிதழ் என்று இந்த முறையும் முடிந்துவிடக் கூடாது என்கிறார் முதல்வர். சென்னையில் ஏதோ மாநாட்டில் பார்த்தாராம், பேச்சாளர் கேள்வி கேட்கிறார், எல்லாரும் போனில் அழுத்துகிறார்கள், திரையில் பட்டை பட்டையாக ஏறுகிறது, அதேதான் வேண்டுமாம். பொறுப்பு என் தலையில்.

இதற்கென்று இருக்கும் மென்டிமீட்டர், ஸ்லைடோ, கஹூட் என்ற மூன்று தளத்தையும் திறந்து பார்த்துவிட்டேன், தலை சுற்றுகிறது. இதற்கென்று தனியாகப் பணம் கிடையாது. அரங்கம் தரைத்தளத்துக்கும் கீழே, உள்ளே போனால் சிக்னல் ஒரு கோடுதான். பட்டன் போன் வைத்திருக்கும் மூத்தவர்களும் வருவார்கள். நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், இதற்குப் பேசாமல் கையைத் தூக்கச் சொல்லிவிடலாமா?

பாலாற்று மணல்:

சார், முதலில் நெட் விஷயம். ஓட்டுப் போட ஆகிற டேட்டா கொஞ்சம்தான், அதனால் 'எங்களிடம் 100 எம்பிபிஎஸ் லைன் இருக்கிறது' என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பி உட்காராதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை போன் அந்த வைஃபை பெட்டியோடு ஒட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் கேள்வி. சாதாரணப் பெட்டி முப்பது நாற்பது போனுக்கே மூச்சு வாங்கும். இதில் கல்லூரி வைஃபை என்றால் ஓடிபி கேட்கும், வெளியாள் யாருக்கும் அது வந்து சேராது. அரங்கத்துக்கு மட்டும் மூன்று நான்கு பெட்டி தனியாகப் போட்டு, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எளிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி உங்கள் சிஸ்டம் அட்மினை இப்போதே பிடியுங்கள்.

அடுத்தது இலவசக் கணக்கு. மென்டிமீட்டரில் இலவசமாக மாதத்துக்கு 50 பேர்தான், ஸ்லைடோவில் 100 பேர் வரை. இந்த எண்ணை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் முந்தின வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 300 பேருக்கு இந்த இரண்டும் இலவசமாகப் போதாது. ஆனால் மூன்று பேருக்கு ஒரு போன் என்று வைத்தால் 100 போன்தான் ஆகிறது, நெட் சுமையும் குறையும், பட்டன் போன்காரரும் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்வார். அதுவும் வேண்டாம் என்றால் கூகுள் ஃபார்ம் போதும், ஆள் கணக்கே கிடையாது, பதில் வர வர வட்டப்படம் தானாக மாறும். ஆனால் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதை மட்டும் ஆன் பண்ணிவிடாதீர்கள், ஜிமெயில் லாகின் கேட்கும், பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

கியூஆர் கோடைத் திரையில் மட்டும் காட்டினால் கடைசி வரிசைக்கு எட்டாது. அச்சடித்து நாற்காலி முதுகில் ஒட்டிவிடுங்கள்.

குடியாத்தம் டீச்சர்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் (எந்த ஊர் என்று வேண்டாம்) நெட் நன்றாகத்தான் வேலை செய்தது. 'இன்றைய வகுப்பறையில் தொழில்நுட்பம் அவசியமா, ஆம், இல்லை' என்று கேட்டார்கள். எல்லாரும் ஆம். கைதட்டல். பேச்சாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். இல்லை என்று வந்திருந்தாலும் அதே ஸ்லைடுதான் வந்திருக்கும், பிறகு எதற்கு எங்களைக் கேட்டார்?

முடிவைப் பார்த்துவிட்டுப் பேச்சாளர் தன் பேச்சை மாற்றத் தயாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள் சார். தயாரில்லை என்றால் விட்டுவிடுங்கள், முதல்வர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991 வாக்கில் தொடங்கிய முறை ஒன்று இருக்கிறது. கேள்வி போடுவார், தனியாக யோசித்து ஓட்டு, அந்த முடிவைத் திரையில் காட்டாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார், மறுபடி ஓட்டு. முதல் ஓட்டிலேயே முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னால் வாதத்துக்கு வேலையில்லை, மிகச் சிலரே சரி என்றால் மறுபடி விளக்க வேண்டும், பாதிக்குப் பாதி பிரிகிற கேள்விதான் நல்ல கேள்வி. ஆசிரியர்களிடம் 20 சதவீதம் ஏற்றி 20 சதவீதம் இறக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் சிரிப்பார்கள். '1/2 + 1/3 = 2/5 என்று எழுதின பிள்ளையிடம் முதலில் என்ன சொல்வீர்கள்' என்று நான்கு வழி கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மீச்சிறு பொது மடங்கு என்று ஆரம்பிப்பவர், ரொட்டி வரைபவர், அரையைவிட 2/5 சின்னதாயிற்றே என்று பிள்ளையிடமே திருப்பிக் கேட்பவர் என்று அரங்கம் உடையும், அப்புறம் சாப்பாட்டு வரிசையிலும் அந்தச் சண்டைதான் நடக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கையைவிட போன் மேல். முன்வரிசையில் அதிகாரி உட்கார்ந்திருக்க, 'போன பயிற்சி பயன்பட்டதா' என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொன்னால் எந்தக் கைதான் கீழே இருக்கும்? பெயரில்லாமல் கேட்டால்தான் உள்ளது வரும்.

சொல்மேகம் (எல்லாரும் அடிக்கும் சொற்களைத் திரையில் கூட்டி, அதிகம் வந்ததைப் பெரிதாகக் காட்டுவது) மட்டும் வைத்துவிடாதீர்கள். பயம், பயமா இருக்கு, பயம்தான் என்று ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள், பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், மெஷின் எல்லாவற்றையும் தனித்தனிச் சொல்லாக எண்ணித் திரையெங்கும் பொரி இறைத்து வைக்கும்.

ஒடுகத்தூர் வாத்தியார்:

சிக்னல் இல்லாத ஊர்க்காரன் நான். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு அட்டை, அதில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புப் படம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும், நடத்துகிறவர் தன் ஒரே போன் கேமராவை வரிசையாக நகர்த்தினால் எல்லார் விடையும் ஏறிவிடும். நெட் அவருக்கு மட்டும் இருந்தால் போதும். அட்டைக் கட்டு 63 வரைதான், அதனால் 300 பேர் அரங்குக்கு ஆகாது, மதியம் குழுவாகப் பிரிக்கிறீர்கள் அல்லவா, அதற்குக் கச்சிதம். சிஎம்சி எதிரே இருக்கும் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள். லேமினேஷன் பண்ணித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம், விளக்கு பட்டுப் பளபளத்தால் கேமராவுக்குப் படிக்க வராது.

காட்பாடிக் கணக்கு:

நன்றி எல்லாருக்கும். டீச்சர் சொன்ன கேள்வியை எங்கள் துறையிலேயே போட்டேன், நாலு பேர் நாலு விடை. முதல்வரிடம் காலையில் மூன்று பேருக்கு ஒரு போன், மொத்தமே இரண்டு கேள்வி, மதியம் அட்டை என்று சொல்லியிருக்கிறேன். பேச்சாளரில் ஒருவர் மட்டும் ஸ்லைடை மாற்ற மாட்டேன் என்கிறார், மூத்தவர், என்ன செய்ய?

குடியாத்தம் டீச்சர்:

அவரைத் தொடக்க உரைக்கு மாற்றிப் பொன்னாடை போர்த்திவிடுங்கள் சார்.