பள்ளி நூலகமும் மதிய இடைவேளையும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர், சிவகங்கை மாவட்டம்:

நான் வேலை பார்ப்பது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். ஒன்று முதல் எட்டு வரை. நூலகம் என்று தனி அறை கிடையாது. ஏழாம் வகுப்பின் பின்சுவரை ஒட்டிப் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று, அதன் தலையில் ஒரு டிரங்குப் பெட்டி. அவ்வளவுதான். நான் மாற்றலாகி வந்தபோது இரண்டுமே பூட்டிக் கிடந்தன. சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ பள்ளிகளில் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன, யார் கையும் படாமல்.

சாப்பாட்டு மணி அடித்தால் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்க இருபது நிமிடம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் வேப்பமரத்தடியில் ஓட்டம்தான். ஓடாத பிள்ளைகளும் இருப்பார்கள். காலில் வலி உள்ள பிள்ளை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை, அன்றைக்குச் சண்டை போட்டுக்கொண்ட பிள்ளை என்று வராந்தா தூணைப் பிடித்தபடி நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் முதலில் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

பீரோவைத் திறந்தால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுகிறார்கள், நிற்கவும் இடமில்லை. அதனால் சன்னல் கம்பிக்கும் எதிர்ச்சுவர் ஆணிக்குமாக நைலான் கயிறு கட்டினேன். அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருந்தன அல்லவா, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக? நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள். கொடியில் துணி போடுவது போல விரித்துத் தொங்கவிட வசதியாக இருந்தது. மாணவர்களுக்கான தேன்சிட்டு இதழையும் அதிலேயே போட்டோம். அட்டைப் படம் முழுதாகத் தெரிகிறது என்பதால் எட்டிப் பார்க்காதவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'நுழை' புத்தகத்தைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று படித்தான். யாரும் பார்த்துவிடக் கூடாதாம். நானும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அவன் 'ஓடு' வரிசைக்கு வந்திருந்தான்.

பதிவேடு எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்தேன். ஏழாம் வகுப்பில் இரண்டு பேர், ஒரு வாரம் ஒருவர். புத்தகப் பெயர், எடுத்தவர் பெயர், தேதி, கையெழுத்து. இரண்டாம் வாரமே ஒருத்தி 'கை ஈரமா?' என்று ஒரு பத்தியைத் தானாகச் சேர்த்துக் கோடு போட்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நேராக வருகிறவர்களின் கையை மோந்து பார்த்துத்தான் புத்தகம் கொடுப்பாள். சாம்பார் வாசனை வந்தால் மறுபடி குழாயடிக்குப் போக வேண்டும்.

இப்போது ஆய்வுக் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1993-இலிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளலாம், தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தி வந்தது. தங்கள் ஊரிலேயே ஒரு கேள்வியைப் பிடித்து, போய்ப் பார்த்து, குறித்து, அறிக்கை எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் பிடித்தது கண்மாய்க் கரைப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை. ஒரே பனையில் 23 கூடுகள், அவற்றில் 9 பாதியில் நிற்கின்றன. "ஏன் டீச்சர் கட்டி முடிக்காமலே விட்டுட்டுப் போயிடுது?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

டிரங்குப் பெட்டியில் பறவைகளைப் பற்றி அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்று இருந்தது. மதியம் ஐந்து பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். கடைசியில் சொல்லடைவு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பின்பக்கம் திருப்பிக் காட்டினேன். உடனே 'கு' வரிசைக்குப் போய்க் குருவியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்புறம் ஒருத்தி விரலை வைத்துக்கொண்டு "த, தா, தி, தீ, து, தூ" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே இறங்கினாள். தூக்கணாங்குருவி, பக்க எண்ணோடு. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் படித்த அகர வரிசை எதற்கு என்று ஏழாம் வகுப்பில் தெரிந்தது.

கூடு பின்னுவது ஆண் பறவை. பாதிக் கூடு தலைகீழாகக் கவிழ்த்த சட்டி போல வந்ததும் பெண் பறவை வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை, அந்த நீண்ட குழாய் வாசல் எல்லாம். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே நிற்கும். இதைப் படித்துவிட்டு மறுநாளே கண்மாய்க்குப் போய், பாதிக் கூடுகள் எல்லாமே அந்தச் சட்டி நிலையில் நிற்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பதில் ஏழு அப்படித்தான் இருந்தன. மற்ற இரண்டும் காற்றில் பிய்ந்தவை என்று முடிவு செய்து, ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதையும் எழுதினார்கள். தூக்கணாங்குருவி மின்மினியைச் சேற்றில் ஒட்டி விளக்கு ஏற்றும் என்று ஒருவனுடைய அப்பத்தா சொல்லியிருந்தார். கீழே விழுந்து கிடந்த கூட்டைப் பிரித்தார்கள். உள்பக்கம் காய்ந்த சேற்று உருண்டைகள் உண்மையிலேயே ஒட்டியிருந்தன. மின்மினி இல்லை. "சேறு வரைக்கும் அப்பத்தா சொன்னது சரி" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தான்.

மாவட்ட அளவோடு நின்றுவிட்டோம். அதனால் என்ன, அந்தக் குறிப்பேடு இப்போது பீரோவில் இருக்கிறது. பதிவேட்டில் எண் போட்டு நூலகப் புத்தகமாகவே சேர்த்துவிட்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வாங்கிப் போகிறார்கள். அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க 2022-இல் வந்த வானவில் மன்றத்தின் சோதனைகளுக்கும் இப்போது பீரோவில்தான் முதலில் துழாவுகிறார்கள்.

எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், என்னைப் போலக் கணக்குப் பாடம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் நூலகத்துக்கென எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு வைத்திருந்ததைச் சொல்வார். அதைப் படித்தபோது எங்கள் பச்சை பீரோதான் கண்முன் வந்தது.

*

தேனிப் பக்கம் படித்தவன், இப்போது கோவை:

டீச்சர், நான் நடுநிலைப் பள்ளியில் படித்தது தொண்ணூறுகளில். எங்களுக்கும் பூட்டிய பீரோதான், கண்ணாடிக் கதவு என்பதால் முதுகு மட்டும் தெரியும். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் வரிசையாக நிற்கும். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968-இலிருந்து 1976 வரை வந்த தொகுதிகள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவை வெறும் தடித்தடியான முதுகுகள்.

ஆறாம் வகுப்பில் ஒருமுறை எப்படியோ ஒரு தொகுதி கைக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே புரட்டியதில் புளிக்குழம்பு ஒரு பக்கத்தில் சிந்திவிட்டது. பிரம்படி விழுந்தது. அடித்தவரை இப்போதும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

என்னைத் திரும்பக் கூட்டிவந்தவர் இன்னொரு டீச்சர். படி என்று சொல்லவில்லை. "தினமும் மத்தியானம் இந்தப் புத்தகத்தையெல்லாம் தூசி தட்டி அடுக்கணும், உன் வேலை" என்று சாவியைக் கையில் கொடுத்தார். ஒரு தொகுதியைத் தட்டி வைக்க ஒரு நிமிடம் போதும். நான் ஒரு தொகுதிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எரிமலை, எறும்பு, ஏரி என்று வேலை நடந்தது. வீட்டில் சாப்பாடு சரியாக இல்லாத வருடம் அது. மதியம் சத்துணவும் அந்தப் பீரோவும் இல்லாவிட்டால் நான் எட்டாம் வகுப்பு தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

*

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா:

எங்கள் கதை வேறு ஊர், ஆனால் மதிய இடைவேளைதான். என் மகன் ஆறாம் வகுப்பின் நடுவில் மதுரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தான். இங்கே மிடில் ஸ்கூல் என்றால் ஆறு, ஏழு, எட்டு. சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், காது அடைக்கும் சத்தம். எந்த மேசையில் போய் உட்காருவது என்பதுதான் அவனுக்குத் தினமும் பரீட்சை. பாதி நாள் டப்பா திறக்காமலே திரும்பி வரும்.

பிறகு ஒருநாள் டப்பா காலியாக வந்தது. நூலகத்துக்குப் போக மதியச் சீட்டு கொடுப்பார்களாம். காலையிலேயே போய் வாங்க வேண்டும், கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும். உள்ளே சாப்பிடக் கூடாது. அதனால் புளியோதரையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுவான். அங்கே சதுரங்கப் பலகை, யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு சேர்க்கலாம் என்று வைத்த பெரிய படப்புதிர், வெள்ளிக்கிழமைகளில் காமிக்ஸ் மன்றம். பேச்சு வராதவனுக்குப் படப்புதிர் நல்ல துணை. பக்கத்தில் நிற்பவரிடம் ஒன்றும் பேச வேண்டியதில்லை, துண்டை மட்டும் நீட்டினால் போதும். அவனுடைய முதல் சிநேகிதன் அந்த மேசையில்தான் கிடைத்தான்.

ஏழாம் வகுப்பில் நேஷனல் ஹிஸ்டரி டே என்ற மாணவர் வரலாற்று ஆய்வுப் போட்டிக்குச் சேர்ந்தான். 1974-இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது, இங்கே நிறையப் பள்ளிகளில் உண்டு. அவன் எடுத்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல், பாம்பனிலிருந்து போன ரயிலோடு கடல் கொண்டுபோனது. ரயிலில் எத்தனை பேர் என்று தேடினால் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு எண். அழாத குறை. அந்த நூலகர் சொன்னாராம்: "ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. எல்லாவற்றையும் எழுது, யார் எப்போது சொன்னது என்றும் எழுது." புயலுக்கு மறுநாள் நாளிதழும், பின்னாளில் எழுதிய கட்டுரையும் ஒரே மாதிரிச் சான்று இல்லை என்பதை ஒரு மதிய இடைவேளையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அப்படீன்னா தாத்தா?" என்று கேட்டிருக்கிறான். என் மாமனார் ராமநாதபுரம் பக்கம், அந்தப் புயலின்போது பன்னிரண்டு வயது. அவரும் சான்றுதான் என்றிருக்கிறார் நூலகர். அன்றிரவு தொலைபேசியில் முக்கால் மணி நேரம். மாமனார் அதுவரை எங்களிடம்கூட அந்த ராத்திரியைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. கூரை ஓடு பறந்த சத்தத்தை வாயால் செய்து காட்டினார். பேரன் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், 'தாத்தா ஒரு சத்தம் செய்தார்' என்று எழுதி வைத்தான்.

*

ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்:

சாம்பார் வாசனை பிடிக்கிற அந்தப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள் டீச்சர். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். முட்டை போடுகிற நாளில் ஓட்டை உரித்து முடிக்க நேரம் ஆகும், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நூலக நேரம் குறையும். நாங்கள் ஒரு வருடம் சின்ன வகுப்புகளுக்கு முதல் பந்தியும், ஆறு முதல் எட்டுக்கு அடுத்த பந்தியும் என்று மாற்றிப் பார்த்தோம். முதலில் சாப்பிட்ட சின்னப் பிள்ளைகள் வந்து படம் பார்க்க, பெரியவர்கள் வரும்போது அவர்கள் கிளம்பிவிடுவார்கள். நெரிசல் தீர்ந்தது. தலைமையாசிரியரும் சமையலரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும்.

*

கணக்கு டீச்சர், சிவகங்கை மாவட்டம்:

ஐயா, இரண்டு பந்தி யோசனையை இன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பார்ப்போம் என்றார்.

தனிச் செய்தியில் இரண்டு பேர், புத்தகம் காணாமல் போகவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். போனது. முதல் வருடம் மூன்று. அதில் ஒன்றை எட்டாம் வகுப்பு முடித்துப் போன பையன் அடுத்த ஜூனில் அவனே கொண்டுவந்து கொடுத்தான், செய்தித்தாளில் அட்டை போட்டு. தங்கச்சியும் படித்துக்கொண்டிருந்தாளாம். மற்ற இரண்டையும் கிழிந்த புத்தகங்களோடு சேர்த்துத் தனிப் பட்டியலாக எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சாவி இப்போது கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

எனக்கு ஓர் உதவி வேண்டும். ஐப்பசி மழைக்குப் பீரோவின் கீழ்த்தட்டில் ஓதம் ஏறி, பறவைப் புத்தகத்தின் கடைசித் தாள்கள், அந்தச் சொல்லடைவு உள்ள தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்குத்தான் ஆகிறது, ஈரத்துக்கு ஆகவில்லை. ஒட்டிய தாளைக் கிழியாமல் பிரித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் விவரமாக எழுதுங்கள். பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள்.